ஒரே ஆள், ஒரே சட்டப்பிரிவு, ஒரே கோர்ட்: 1897-ல் ஜாமீன், 1908-ல் மறுப்பு... திலகர் வழக்குகளில் என்ன நடந்தது?

ஒருவருக்கு ஜாமீன் கிடைத்தது என்று செய்தி வந்தாலே, ஆள் தப்பிச்சுட்டார் என்று பேசத் தொடங்கிவிடுகிறோம். ஜாமீன் மறுக்கப்பட்டால், அப்போ குற்றவாளிதான் என்று முடிவே கட்டிவிடுகிறோம். இரண்டுமே தப்பு. ஜாமீன் மனு விசாரணைக்கு வரும்போது நீதிபதி முன்னால் இருக்கும் முதல் கேள்வி, இவர் குற்றம் செய்தாரா என்பதல்ல. வெளியே விட்டால் வழக்குக்குத் திரும்பி வருவாரா, சாட்சிகளைக் கலைக்காமல் இருப்பாரா என்பதுதான்.

கேள்வி எளிமையானதுதான். ஆனால் ஒரே மனிதரைப் பற்றி, ஒரே சட்டப்பிரிவில், ஒரே உயர் நீதிமன்றம் 11 வருட இடைவெளியில் இரண்டு நேரெதிர் பதில்களைக் கொடுத்திருக்கிறது. அந்த மனிதர் பால கங்காதர திலகர். கைது, வாரண்ட், ஜாமீன், நன்னடத்தைப் பத்திரம், நிபந்தனை விடுதலை என்று ஒரு கிரிமினல் வக்கீல் தன் கட்சிக்காரர்களுக்காகப் பார்க்கும் எல்லாவற்றையும் தன் ஒரே வாழ்க்கையில் பார்த்தவர். இத்தனைக்கும் அவரே சட்டம் படித்தவர்.

சட்டம் படித்தவர், வக்கீல் ஆகாதவர்

திலகர் 1856 ஜூலை 23-ம் தேதி ரத்னகிரியில் பிறந்தார். அப்பா பள்ளி ஆசிரியர். புனே டெக்கான் கல்லூரியில் பி.ஏ., பிறகு 1879-ல் எல்.எல்.பி. முடித்தார். கோர்ட்டுக்குப் போயிருந்தால் நன்றாகச் சம்பாதித்திருக்கலாம். அவர் தேர்ந்தெடுத்தது பள்ளிக்கூடமும் பத்திரிகையும். 1881 ஜனவரியில் நண்பர்களோடு சேர்ந்து மராத்தியில் 'கேசரி', ஆங்கிலத்தில் 'மராட்டா' என்று இரண்டு வார இதழ்களைத் தொடங்கினார். பின்னாளில் புனேயில் வக்கீல் தேர்வு எழுதுகிறவர்களுக்கு வகுப்பும் நடத்தினார்.

பத்திரிகை தொடங்கிய வேகத்திலேயே வழக்கும் வந்துவிட்டது. கோலாப்பூர் சமஸ்தானத்தின் இளம் மகாராஜா கொடுமைப்படுத்தப்படுகிறார், அதற்கு திவான் பர்வே காரணம் என்று இரண்டு இதழ்களும் எழுதின. திவான் அவதூறு வழக்குப் போட்டார். 1882 ஜூலையில் திலகருக்கும் அவரது நண்பர் அகர்கருக்கும் 4 மாத சிறைத் தண்டனை. மும்பை டோங்கிரி சிறையில் 101 நாள்கள் இருந்துவிட்டு வெளியே வந்தார்கள்.

இந்த வழக்கு நடந்த சமயத்தில் இருவருக்கும் ஜாமீன் கொடுக்க ஏற்பாடு செய்தவர் யார் தெரியுமா? ஜோதிராவ் பூலே. சாதிக்கு எதிராக வாழ்நாள் முழுக்கப் போராடியவர். சமூக விஷயங்களில் திலகரின் பழமைவாதத்துக்கும் அவருக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. அப்படிப்பட்டவர்தான் ராம்சேட் உரவணே என்ற தன் ஆதரவாளரை ஜாமீன்தாரராக நிற்க வைத்தார்.

ஜாமீன்தாரர் என்றால் வெறுமனே கையெழுத்துப் போடுகிறவர் இல்லை. இவர் குறிப்பிட்ட தேதியில் கோர்ட்டுக்கு வருவார், வராவிட்டால் இவ்வளவு தொகையை நான் கட்டுகிறேன் என்று எழுதிக் கொடுப்பவர். ஆள் வராமல் போனால் கோர்ட் அந்தப் பத்திரத்தைப் பறிமுதல் செய்து, ஜாமீன்தாரரிடம் பணம் கேட்கும். அதனால்தான் இன்றைக்கும் கோர்ட்டுகளில் ஜாமீன்தாரரின் சொத்து ஆவணம், அடையாள அட்டை எல்லாம் கேட்கிறார்கள். குற்றம் சாட்டப்பட்டவரே, வேறு யாரும் இல்லாமல் எழுதிக் கொடுப்பது சொந்த ஜாமீன். இப்போதுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா இந்த இரண்டையும் தனித்தனியாக வரையறுத்து வைத்திருக்கிறது.

ஒரே வாரத்தில் 3 முறை

1896-ன் பஞ்சத்தைத் தொடர்ந்து பிளேக் நோய் புனேயைப் பிடித்தது. நோயைக் கட்டுப்படுத்த வந்த அதிகாரி ராண்டின் ஆட்கள் வீடு வீடாகப் புகுந்து சோதனை செய்த விதம் ஊரையே கொதிக்க வைத்தது. 1897 ஜூன் 22, விக்டோரியா ராணியின் வைர விழா இரவு. சாபேகர் சகோதரர்கள் ராண்டையும் ஆயர்ஸ்ட் என்ற ராணுவ அதிகாரியையும் சுட்டார்கள்.

கொலையில் திலகருக்குத் தொடர்பு இருப்பதாக வழக்கு இல்லை. ஆனால் ஒரு வாரத்துக்கு முன், ஜூன் 15 'கேசரி'யில் சிவாஜி விழா பற்றி வந்த கட்டுரையும் செய்யுளும் அரசின் கையில் சிக்கின. ஜூலை 27-ம் தேதி மும்பையில் கைது. பிரிவு 124ஏ, அதாவது ராஜதுரோகம். இது ஜாமீனில் வெளிவர முடியாத பிரிவு.

இந்த இடத்தில் நிறைய பேருக்குக் குழப்பம் வரும். ஜாமீனில் வெளிவர முடியாத பிரிவு என்றால் ஜாமீனே கிடையாது என்று அர்த்தம் இல்லை. ஜாமீனில் விடக்கூடிய குற்றத்தில் ஜாமீன் என்பது உரிமை. பத்திரம் கொடுத்தால் ஸ்டேஷனிலேயே விட்டாக வேண்டும். மற்றதில் அது கோர்ட்டின் முடிவு. கொடுக்கலாம், கொடுக்காமலும் இருக்கலாம். அவ்வளவுதான் வித்தியாசம்.

மாஜிஸ்திரேட் மறுத்தார். உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். நீதிபதிகள் பார்சன்ஸ், ரானடே அமர்வும் மறுத்தது. வழக்கு செஷன்ஸ் விசாரணைக்கு அனுப்பப்பட்ட பிறகு, மூன்றாவது முறையாக மனு போட்டார்கள். இந்த முறை அது நீதிபதி பத்ருதீன் தியாப்ஜி முன் வந்தது. 1887-ல் சென்னையில் நடந்த காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய அதே தியாப்ஜி.

திலகருக்காக வாதாடிய வக்கீல் தின்ஷா தாவர். இந்தப் பெயரைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகஸ்ட் 4-ம் தேதி தியாப்ஜி ஜாமீன் கொடுத்தார். அவர் பார்த்த விதம் இதுதான்: ஜாமீனின் நோக்கம் குற்றம் சாட்டப்பட்டவரை விசாரணைக்கு வர வைப்பது. திலகர் மாதிரி ஊருக்கே தெரிந்த ஒருவர், அதுவும் அப்போது மும்பை சட்டமன்ற உறுப்பினராக இருந்தவர், ஓடிவிடுவார் என்று நம்ப முகாந்திரம் இல்லை. விசாரணை தொடங்க இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. அதுவரை உள்ளே வைத்திருந்து, கடைசியில் அவர் நிரபராதி என்று தீர்ப்பு வந்தால்? அந்த ஒரு மாதத்தை யார் திருப்பிக் கொடுப்பது? தவிர, தன் தரப்பு வாதத்தைத் தயார் செய்ய வெளியே இருக்க வேண்டிய தேவையும் உண்டு.

பெரிய தொகைக்குப் பத்திரம் கேட்கப்பட்டது. மும்பையின் செல்வாக்குள்ளவர்கள் ஜாமீன்தாரர்களாக நின்றார்கள். திலகர் வெளியே வந்தார்.

திலகருக்கு ஆள் இருந்தது, எல்லோருக்கும் இருக்காது. 1978-ல் மோத்தி ராம் என்ற ஏழைக் கொத்தனாரின் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அவருக்கு ஜாமீன் ஏற்கெனவே கிடைத்திருந்தது. ஆனால் மாஜிஸ்திரேட் 10,000 ரூபாய்க்கு ஜாமீன்தாரர் கேட்டார். அண்ணன் தம்பி முறையில் நிற்க வந்தவரையும், சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று ஏற்க மறுத்தார். ஜாமீன் கிடைத்தும் ஆள் உள்ளேயே. நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் 1,000 ரூபாய் சொந்த ஜாமீனில் அவரை விடச் சொன்னார். ஜாமீன் ஆர்டர் கையில் இருந்தும் வெளியே வர முடியாத விசாரணைக் கைதிகளின் பிரச்சினையை அந்தத் தீர்ப்பு அப்போதே பேசியது. இன்றும் தீராத பிரச்சினை அது.

ஜாமீனில் வந்த திலகர் அந்த நாள்களில் என்ன செய்தார்? புனேயில் அவரது நண்பர் பாபா மகராஜ் சாகக் கிடந்தார். திலகர் வெளியே வந்த மூன்றாம் நாள், ஆகஸ்ட் 7-ல் அவர் இறந்தார். இறப்பதற்கு முன் தன் உயிலை நிறைவேற்றும் பொறுப்பைத் திலகரிடமும் ஒப்படைத்தார். கூடவே கல்கத்தா நண்பர்கள் பணம் திரட்டி, பியூ என்ற பாரிஸ்டரை அனுப்பி வைத்தார்கள்.

செப்டம்பரில் விசாரணை. திலகர் ஒழுங்காக வந்து கோர்ட்டில் நின்றார். ஜூரிகளில் 6 ஐரோப்பியர் குற்றவாளி என்றார்கள், 3 இந்தியர்கள் இல்லை என்றார்கள். நீதிபதி ஸ்டிரேச்சி 18 மாதக் கடுங்காவல் கொடுத்தார். அரசின் மீது அன்பு இல்லாமல் இருப்பதே வெறுப்பைத் தூண்டுவதாகிவிடும் என்ற அளவுக்கு அவர் பிரிவை விரித்துப் பொருள் சொன்னது பெரிய சர்ச்சையானது.

ஜாமீன் கொடுத்தது தப்பாகிவிட்டதா? ஆகவில்லை. தியாப்ஜி எதிர்பார்த்தது, ஆள் வர வேண்டும் என்பது மட்டுமே. ஆள் வந்தார்.

மாக்ஸ் முல்லர் உள்ளிட்ட அறிஞர்கள் கருணை மனு கொடுத்த பிறகு, 1898 செப்டம்பர் 6-ல் திலகர் முன்கூட்டியே விடுவிக்கப்பட்டார். இது ஜாமீன் அல்ல, நிபந்தனை விடுதலை. வரவேற்பு ஊர்வலங்களில் கலந்துகொள்ளக் கூடாது. மறுபடி இதே குற்றத்தில் தண்டனை பெற்றால் மிச்சமுள்ள 6 மாதத்தையும் சேர்த்து அனுபவிக்க வேண்டும். அதே 1898-ல் அரசு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தைப் புதுப்பித்து, பிரிவு 108 என்று ஒன்றைச் சேர்த்தது. 18 வருடம் கழித்து அது திலகரைத் தேடி வரும்.

உயில் கொண்டுவந்த வழக்கு

பாபா மகராஜின் உயில் விவகாரம் திலகரைச் சும்மா விடவில்லை. நண்பரின் இளம் மனைவி தாய் மகராஜுக்கும் உயில் பொறுப்பாளர்களுக்கும் இடையே தத்து எடுப்பது தொடர்பாகத் தகராறு வந்தது. அது வளர்ந்து, பொய் சாட்சி சொன்னதாகத் திலகர் மீதே கிரிமினல் வழக்கானது. 1903 ஆகஸ்டில் 18 மாதம் கடுங்காவல். செஷன்ஸ் கோர்ட் அதை 6 மாதமாகக் குறைத்தது. கையில் விலங்கு மாட்டிச் சிறைக்குக் கொண்டு போனார்கள். சில நாள்களில் உயர் நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தது. 1904 மார்ச்சில் தண்டனையையே ரத்து செய்தது.

தண்டனை கொடுத்த பிறகும் ஜாமீன் உண்டா என்றால், உண்டு. மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போது தண்டனையை நிறுத்தி வைத்து ஜாமீன் கொடுக்கலாம். மேல்முறையீடு முடிவதற்குள் தண்டனைக் காலமே முடிந்துவிட்டால், பிறகு விடுதலை ஆகி என்ன பிரயோஜனம்?

வக்கீல் நீதிபதியானார்

1908 ஏப்ரல் 30-ம் தேதி முசாபர்பூரில் குதிராம் போசும் பிரபுல்ல சாக்கியும் வீசிய குண்டு, குறி வைத்தவரை விட்டு இரண்டு ஐரோப்பியப் பெண்களைக் கொன்றது. திலகர் 'கேசரி'யில் தொடர்ந்து எழுதினார். குண்டு வீசியதை அவர் ஆதரிக்கவில்லை. ஆனால் அடக்குமுறைதான் இளைஞர்களை இந்த இடத்துக்குத் தள்ளியது என்றார். மே 12, ஜூன் 9 கட்டுரைகள் மீது மறுபடி 124ஏ.

ஜூன் 24-ம் தேதி மும்பை சர்தார் கிருஹா விடுதியில் தங்கியிருந்தவரை போலீஸார் வாரண்டோடு வந்து கைது செய்தார்கள். மறுநாள் புனே வீட்டில் சோதனை. வெடிமருந்து பற்றிய இரண்டு புத்தகங்களின் பெயர் எழுதிய ஒரு போஸ்ட் கார்டு கிடைத்தது. அதுவும் அவருக்கு எதிரான ஆதாரமாக வைக்கப்பட்டது.

வாரண்ட் பற்றி இங்கே சொல்லிவிடலாம். பிடிவாரண்ட் என்பது போலீஸின் உத்தரவு இல்லை. கோர்ட் போலீஸுக்கு இடும் உத்தரவு. எழுத்தில் இருக்க வேண்டும், நீதிபதியின் கையெழுத்து வேண்டும், கோர்ட் முத்திரை வேண்டும். நிறைவேற்றப்படும் வரை, அல்லது கோர்ட்டே ரத்து செய்யும் வரை அது உயிரோடு இருக்கும். பத்து வருடம் ஆச்சே, காலாவதி ஆகியிருக்கும் என்று நினைத்து ஏமாறக் கூடாது. வாரண்டிலேயே இன்ன தொகைக்கு ஜாமீன் கொடுத்தால் விட்டுவிடலாம் என்று எழுதியிருந்தால், அது ஜாமீனில் விடக்கூடிய வாரண்ட். கடுமையான குற்றங்களில் போலீஸ் வாரண்ட் இல்லாமலேயே கைது செய்யலாம். எப்படிக் கைது செய்தாலும் காரணத்தைச் சொல்ல வேண்டும், பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். இது இப்போது அரசியலமைப்பின் 22-வது பிரிவு கொடுக்கும் உரிமை. திலகர் காலத்தில் முன்ஜாமீன் என்ற ஏற்பாடு சட்டத்திலேயே கிடையாது. அது 1973 சட்டத்தில்தான் வந்தது.

மாஜிஸ்திரேட் ஜாமீன் மறுத்தார். உயர் நீதிமன்றத்தில் திலகருக்காக ஆஜரானவர் 31 வயது பாரிஸ்டர் முகமது அலி ஜின்னா. மனுவை விசாரித்த நீதிபதி... தின்ஷா தாவர்.

ஆமாம், அதே தாவர். 1897-ல் இதே திலகருக்கு, இதே பிரிவில், ஜாமீன் கொடுத்தே ஆக வேண்டும் என்று தியாப்ஜி முன் வாதாடி ஜெயித்தவர். ஜின்னாவும் அந்த முடிவைத்தான் எடுத்து வைத்தார். திலகருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது, கட்டுரைகளின் மொழிபெயர்ப்பே தகராறில் இருப்பதால் வாதத்தைத் தயார் செய்ய அவகாசமும் வசதியும் வேண்டும் என்றார். ஓடிப்போகிற ஆள் இல்லை என்பதற்கு 1897-ஐ விட வேறு என்ன சாட்சி வேண்டும்?

ஜூலை 2-ம் தேதி தாவர் மனுவைத் தள்ளுபடி செய்தார். காரணங்களை விரிவாகச் சொன்னால் வரப்போகும் விசாரணையைப் பாதிக்கும் என்று சொல்லி, காரணம் சொல்வதையே தவிர்த்துவிட்டார். வழக்கின் தகுதிக்குள் போகாமல் ஜாமீன் மனுவை முடிப்பது நீதிபதிகளின் வழக்கம்தான். ஆனால் காரணமே இல்லாத மறுப்பை எதிர்த்து எப்படி வாதாடுவது? வக்கீலாகத் தான் முன்வைத்த வாதம் நீதிபதி நாற்காலியில் உட்கார்ந்தபோது ஏன் எடுபடவில்லை என்பதற்குத் தாவர் பதில் விட்டுவைக்கவில்லை. தியாப்ஜி அதற்குள் காலமாகியிருந்தார்.

திலகர் சிறையில் இருந்தபடியே தயாரானார். ஜூலை 13-ல் தொடங்கிய விசாரணையில் தனக்குத் தானே வாதாடினார். 6 நாள்களில் மொத்தம் 21 மணி நேரத்துக்கு மேல் பேசினார். ஜூலை 22 இரவு 7 ஜூரிகள் குற்றவாளி என்றார்கள், 2 பேர் இல்லை என்றார்கள். தாவர் கொடுத்த தண்டனை 6 வருட நாடு கடத்தல், 1,000 ரூபாய் அபராதம். மறுநாள் திலகருக்கு 52-வது பிறந்தநாள். மும்பை மில் தொழிலாளர்கள் 6 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள்.

அதே ஜூலை 7-ம் தேதிதான் திருநெல்வேலியில் நீதிபதி பின்ஹே வ.உ.சிதம்பரனாருக்கு இரட்டை ஆயுள் தண்டனை கொடுத்தார். திலகரைத் தலைவராக ஏற்றவர் வ.உ.சி. அவரது கதையும் ஒரு பத்திரத்தில்தான் தொடங்கியது. 1908 மார்ச்சில் கலெக்டர் விஞ்ச், வ.உ.சி., சுப்பிரமணிய சிவா, பத்மநாப ஐயங்கார் மூவர் மீதும் நன்னடத்தை ஜாமீன் நடவடிக்கை எடுத்து, மார்ச் 12-ல் பாளையங்கோட்டை சிறையில் அடைத்தார். மறுநாள் திருநெல்வேலி பற்றி எரிந்தது.

திலகரை பர்மாவின் மாண்டலே சிறைக்குக் கொண்டு போனார்கள். அங்கேதான் கீதை பற்றிய தன் பெரிய நூலை எழுதினார். 1912-ல் மனைவி சத்யபாமா புனேயில் இறந்தபோது அவர் மாண்டலேயில். 1914 ஜூனில்தான் வீடு திரும்பினார்.

பிறந்தநாள் பரிசாக ஒரு நோட்டீஸ்

1916 ஜூலை 23. திலகருக்கு 60 வயது. ஆதரவாளர்கள் 1 லட்சம் ரூபாய் நிதி திரட்டி அவரிடம் கொடுத்தார்கள். அதே நாளில் போலீஸ் ஒரு நோட்டீஸைக் கொண்டுவந்து கொடுத்தது. பெல்காமிலும் அகமத்நகரிலும் சுயாட்சி பற்றிப் பேசிய மூன்று பேச்சுகளுக்காக, ஒரு வருட நன்னடத்தைக்கு 20,000 ரூபாய் பத்திரமும், தலா 10,000 ரூபாய்க்கு இரண்டு ஜாமீன்தாரர்களும் ஏன் கேட்கக் கூடாது என்று விளக்கம் சொல்ல வேண்டும். பிரிவு 108.

ஜாமீன் பத்திரமும் நன்னடத்தைப் பத்திரமும் பெயரில்தான் ஒன்று. முதலாவது, நடந்ததாகச் சொல்லப்படும் ஒரு குற்றத்தின் விசாரணைக்கு வருவேன் என்ற உறுதி. இரண்டாவது, இனிமேல் தப்பு செய்ய மாட்டேன் என்ற உறுதி. அதற்குத் தண்டனைத் தீர்ப்பு எதுவும் தேவையில்லை. தப்பு செய்வார் என்ற சந்தேகம் போதும். பத்திரம் கொடுக்க மறுத்தால் சிறை. நம் ஊரில் திருவிழா, தேர்தல் நேரத்தில் 107, 110-ல் கேஸ் போட்டு ஆர்.டி.ஓ. முன்னால் எழுதி வாங்குவதாகச் சொல்வார்களே, அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான் 108-ம். புதிய சட்டத்தில் எண்கள் 126, 127, 129 என்று மாறிவிட்டன. விஷயம் அப்படியே இருக்கிறது.

புனே மாவட்ட மாஜிஸ்திரேட் பத்திரம் கொடுக்க உத்தரவிட்டார். மறுபடியும் உயர் நீதிமன்றம், மறுபடியும் ஜின்னா. நீதிபதிகள் பாட்ச்லரும் ஷாவும் பேச்சுகளில் அங்கங்கே ஒரு வரியைப் பிடித்துக்கொள்ளாமல் முழுதாகப் படித்தார்கள். அதிகார வர்க்கத்தை விமர்சிப்பது வேறு, அரசுக்கு எதிராக வெறுப்பைத் தூண்டுவது வேறு என்ற வாதம் எடுபட்டது. 1916 நவம்பர் 9-ல் உத்தரவு ரத்து. சுயாட்சி கேட்பது குற்றமில்லை என்று கோர்ட்டே சொல்லிவிட்டதாக நாடு முழுக்க எடுத்துக்கொண்டார்கள். அடுத்த மாதமே லக்னோ காங்கிரஸில் திலகருக்குப் பெரும் வரவேற்பு.

1920 ஆகஸ்ட் 1-ம் தேதி திலகர் காலமானார். இடம், 12 வருடங்களுக்கு முன் வாரண்டோடு போலீஸ் வந்த அதே சர்தார் கிருஹா.

1908-ல் தீர்ப்பு வந்த மும்பை உயர் நீதிமன்ற அறைக்கு வெளியே, 1956-ல் அப்போதைய தலைமை நீதிபதி எம்.சி. சாக்ளா ஒரு கல்வெட்டைத் திறந்து வைத்தார். தண்டனைக்கு முன் திலகர் கோர்ட்டில் சொன்னது அதில் பொறிக்கப்பட்டிருக்கிறது. ஜாமீன் மறுத்த உத்தரவைப் பற்றி அதில் எதுவும் இல்லை.